டிராவல் டிரெய்லரின் தேய்ந்த சஸ்பென்ஷனைப் புதுப்பித்து வலுப்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லப்படும், தங்கும் வசதியுள்ள டிராவல் டிரெய்லர்களில் மிகப் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உருவாகின்றன. அவற்றின் உள்ளே மரவேலையும் மின்விளக்குகளும் எவ்வளவு வேறுபட்டாலும், தரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் ஏறத்தாழ ஒரே அமைப்புதான் கண்ணில் படும். இரண்டு அச்சுகள், நான்கு பட்டை ஸ்பிரிங்குகள், பக்கத்துக்கு ஒன்றாக நடுவில் தொங்கி இரு ஸ்பிரிங்குகளுக்கும் சுமையைப் பகிரும் ஒரு ஈக்வலைசர், அவற்றை இணைக்கும் சில இரும்புத் தகடுகள், போல்ட்டுகள் ஆகியவையே அவை. விலையைக் குறைப்பதற்காக இந்த இணைப்புகளில் நைலான் புஷ்களையும் (போல்ட்டைச் சுற்றித் துளைக்குள் அமரும் சிறு குழல்கள்), ஸ்பிரிங்கை ஈக்வலைசரோடு இணைத்து ஊசலாடும் மெல்லிய ஷேக்கிள் தகடுகளையும் பொருத்தி அனுப்புகிறார்கள். கிரீஸ் செலுத்த வழியில்லாத அந்த இணைப்புகள் சில ஆயிரம் மைல்களிலேயே தேயத் தொடங்கிவிடுகின்றன.

எங்களுடையது இரண்டு 3,500 பவுண்டு அச்சுகள் கொண்ட டிரெய்லர். நான்காவது கோடையில் தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் பகுதிக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஸ்பிரிங்குகளை மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் நான் சக்கரங்களைக் கழற்றினேன். ஸ்பிரிங்குகள் நன்றாகவே இருந்தன. முன்புற ஷேக்கிளின் போல்ட்டைத் தட்டி எடுத்தபோது, நைலான் புஷ் முழுவதும் அரைபட்டுப் போய், போல்ட் நேராக ஸ்பிரிங் கண்ணின் (ஸ்பிரிங்கின் முனையில் சுருண்டிருக்கும் துளையின்) இரும்பைத் தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. போல்ட்டின் நடுவில் விரல் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது இதில் எதுவுமே புலப்படவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஸ்பிரிங்குகளுக்கு முன்னால் புஷ்களையும் போல்ட்டுகளையும் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே குறிப்பிட வேண்டும். ஏர்ஸ்ட்ரீம் போன்ற சில டிரெய்லர்களில் பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக, அச்சுக் குழாய்க்குள் ரப்பர் உருளைகளை அழுத்தி வைத்த டார்ஷன் அச்சு இருக்கும். அந்த ரப்பர் இறுகிப் போனால் அச்சையே முழுமையாக மாற்ற வேண்டும். கீழே சொல்லப்படுபவை பட்டை ஸ்பிரிங் கொண்ட இரட்டை அச்சு டிரெய்லர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

தேய்மானம் எங்கே, ஏன்

முன் ஸ்பிரிங்கின் முன் கண், டிரெய்லரின் அடிச்சட்டத்தில் பற்றவைக்கப்பட்ட ஹேங்கர் என்ற தாங்கியில் நேரடியாக மாட்டப்பட்டிருக்கும். பின் கண் இரண்டு ஷேக்கிள் தகடுகளின் வழியாக ஈக்வலைசரில் தொங்கும். பின் ஸ்பிரிங் இதற்கு நேர் எதிராக, முன் கண் ஈக்வலைசரோடும் பின் கண் ஹேங்கரோடும் இணைந்திருக்கும். முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது முன் ஸ்பிரிங் ஈக்வலைசரின் ஒரு முனையை மேலே தள்ள, மறுமுனை கீழிறங்கி அந்தச் சுமையின் ஒரு பங்கைப் பின் சக்கரத்துக்கு மாற்றுகிறது. வளைந்த ஸ்பிரிங் சுமையில் தட்டையாகும்போது அதன் நீளம் கூடுவதால், அந்தக் கூடுதல் நீளத்துக்கு இடங்கொடுக்க ஷேக்கிள் ஊசலாடுகிறது. ஆக, ஒவ்வொரு குண்டும் குழியும் பக்கத்துக்கு ஏழு என்ற கணக்கில் பதினான்கு போல்ட்டுகளைத் தத்தம் துளைகளுக்குள் சிறிதளவு திருப்புகின்றன.

இதைவிடக் கடுமையானது பக்கவாட்டு விசை. இரட்டை அச்சு டிரெய்லரைக் குறுகிய முகாம் இடத்தில் பின்னோக்கித் திருப்பி நிறுத்தும்போது, நான்கு டயர்களும் ஒரே மையத்தைச் சுற்றி உருள முடியாததால் தரையில் பக்கவாட்டாக இழுபடுகின்றன. அந்த இழுப்பு முழுவதும் ஷேக்கிள் தகடுகளை வளைக்கப் பார்க்கிறது. உலர்ந்த நைலானும் கால் அங்குலத் தகடும் இதை நெடுநாள் தாங்குவதில்லை. ஊரில் லாரிப் பட்டறைக்குப் போய் வந்தவர்களுக்கு, ஷேக்கிள் பின்களில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) இருப்பதும், அதற்கு கிரீஸ் அடிப்பது வழக்கமான பராமரிப்பு என்பதும் தெரிந்திருக்கும். நாம் செய்யப்போகும் மேம்பாட்டின் சாரம், லாரிக்கு இயல்பாகக் கிடைக்கும் அந்த வசதியை நம் டிரெய்லருக்கும் கொண்டுவருவதுதான்.

சோதனை

டிரெய்லரை வண்டியோடு இணைத்து, சமதளத்தில் வழக்கமான பயணச் சுமையோடு நிறுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு டயர்களுக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஈக்வலைசர் ஏறக்குறைய கிடைமட்டமாக நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் மிகவும் சாய்ந்திருந்தால், டிரெய்லரை மாட்டும், வண்டியின் இணைப்புப் பந்தின் உயரம் தவறாக அமைந்து டிரெய்லரின் மூக்கு தூக்கியிருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பாகங்களை மாற்றிப் பயனில்லை. பிறகு கீழே குனிந்து, ஷேக்கிள் தகடுகளின் துளைகள் முட்டை வடிவமாகியிருக்கின்றனவா, தகடுகள் சாய்ந்து நிற்கின்றனவா, ஹேங்கரைச் சட்டத்தோடு சேர்க்கும் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, சக்கரக் கூட்டின் உட்புறத்தில் டயர் உராய்ந்த தடம் இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் மட்டும் தட்டையாகியிருந்தாலோ, எதிர்த்திசையில் வளைந்திருந்தாலோ, பட்டைகளில் ஒன்று முறிந்திருந்தாலோ அது ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

கண்ணால் பார்க்கும் சோதனை போதாது என்பதை என் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். பத்தாயிரம் மைல் ஓடிய, கிரீஸ் வழியில்லாத டிரெய்லர் என்றால், ஒரு ஷேக்கிள் போல்ட்டையாவது கழற்றிப் பாருங்கள். முதலில் ஈக்வலைசரின் மைய போல்ட்டைப் பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள். இரண்டு ஸ்பிரிங்குகளின் விசையும் அதில் சேர்வதால் அது நியாயமான யோசனைதான். ஆனால் முதல்முறை செய்பவருக்கு ஷேக்கிள் போல்ட் எளிது. உண்மை நிலையை அதுவே காட்டிவிடும்.

பிறகு எடை. டிரெய்லரின் இடப்புற வெளிச்சுவரில், முன்பாதியில் ஒட்டப்பட்டிருக்கும் அதிகாரபூர்வத் தகட்டில் மொத்த எடை வரம்பும் ஒவ்வோர் அச்சின் வரம்பும் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியும் சாமான்களும் நிறைந்த நிலையில், லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஏற்றி அச்சுகளின் உண்மைச் சுமையை அறிந்துகொள்ளுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால், இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எதுவும் அதற்கு மருந்தாகாது. சாமான்களைக் குறைப்பது ஒன்றே வழி.

எதை மாற்றுவது, எந்த வரிசையில்

முதல் இடம் கிரீஸ் ஏற்கும் போல்ட்டுகளுக்கு. அமெரிக்கக் கடைகளில் இதை 'வெட் போல்ட்' என்று கேட்க வேண்டும். போல்ட்டின் தலையில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். அதிலிருந்து தண்டின் நடுவழியாகச் செல்லும் துளை, பக்கவாட்டில் திறந்து புஷ்ஷின் உட்பரப்புக்குக் கிரீஸைக் கொண்டுசெல்லும். இதோடு வெண்கலப் புஷ்களும், அரை அங்குலத் தடிமன் கொண்ட ஷேக்கிள் தகடுகளும் ஒரே பெட்டியில் தொகுப்பாகக் கிடைக்கின்றன. இரட்டை அச்சுக்கான முழுத் தொகுப்பில் பதினான்கு போல்ட்டுகளும் எட்டுத் தகடுகளும் இருக்க வேண்டும். பணம் ஒன்றுக்கு மட்டுமே போதுமானது என்றால், தயங்காமல் இதை வாங்குங்கள்.

இரண்டாவதாக ரப்பர் பொதிந்த ஈக்வலைசரைச் சொல்வேன். டெக்ஸ்டரின் ஈ-இசட் ஃப்ளெக்ஸ், லிப்பர்ட்டின் ஈக்வா-ஃப்ளெக்ஸ், மோர்ரைடின் சிஆர்இ-3000 ஆகியவை இந்த வகை. சாதாரண இரும்பு ஈக்வலைசர் சுமையை இரு அச்சுகளுக்கும் பகிர்ந்து தருமே தவிர, அதிர்ச்சியை உள்வாங்காது. ரப்பர் வகையோ அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிக்கொண்டு, உள்ளே அலமாரித் திருகுகள் கழன்று விழுவதைக் குறைக்கிறது. சீரான நெடுஞ்சாலையில் மட்டும் செல்பவருக்கு இது கட்டாயமில்லை. கரடுமுரடான மண்சாலைகளில் அடிக்கடி செல்பவருக்கு விலைக்கு ஏற்ற பயன் உண்டு. வாங்குவதற்கு முன் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரையிலான தூரத்தை அளக்க வேண்டும். 33 அங்குலமும் 35 அங்குலமும் பரவலான அளவுகள். தொகுப்பு அந்த அளவுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள். ஷேக்கிளின் துளைக்குத் துளை நீளமும் பழையதற்கு ஒத்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்குகள் கடைசி இடத்தில் வருகின்றன. ஓய்ந்தவற்றை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது நான்கையும் சேர்த்து, அச்சின் வரம்புக்கு ஏற்ற அதே திறனில் மாற்றுங்கள். 3,500 பவுண்டு அச்சுக்கு ஒரு ஸ்பிரிங்கின் திறன் 1,750 பவுண்டு. அதைவிட வலுவான ஸ்பிரிங் போட்டால் கூடுதல் சுமை ஏற்றலாம் என்று எண்ணுவது ஆபத்தான பிழை. அச்சுக் குழாயும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் பழைய திறனிலேயே இருக்க, ஸ்பிரிங் மட்டும் விறைத்துக்கொண்டு அதிர்ச்சி முழுவதையும் சட்டத்துக்கும் ஹேங்கர் பற்றவைப்புக்கும் கடத்தும்.

ஆயத்தம்

தேவையான கருவிகள் பெரிய பட்டியல் அல்ல. டிரெய்லரின் எடையைத் தாங்கும் ஜாக்கி, அச்சைத் தாங்கிப் பிடிக்க இரண்டாவது சிறு ஜாக்கி, உயரமான தாங்கிகள், முறுக்கத்தை அளந்து இறுக்க உதவும் டார்க் ரென்ச், மூன்று பவுண்டு சுத்தியல், பித்தளை உளி, சி-கிளாம்ப், துருநீக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை, கிரீஸ் கன், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை போதும். வேலைக்கு முந்தின நாளே எல்லா நட்டுகளிலும் துருநீக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். மறுநாள் இரண்டு மணிநேரமாவது மிச்சமாகும்.

சுமையை இறக்கிவிட்டு, தொட்டிகளைக் காலி செய்து, கான்கிரீட் தளத்தில் டிரெய்லரை வண்டியோடு இணைத்தபடியே நிறுத்த வேண்டும். இணைப்பைக் கழற்றாமல் இருப்பது, டிரெய்லர் முன்பின் நகராமல் காக்கும் முதல் பாதுகாப்பு. எதிர்ப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து அடைக்கவும். மூலைகளில் உள்ள நிலைநிறுத்திக் கால்களை டிரெய்லரைத் தூக்குவதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவை ஆட்டத்தைக் குறைப்பதற்கு மட்டுமே.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திவிட்டு, டிரெய்லரைச் சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். அச்சுக் குழாயில் ஜாக்கி வைத்து டிரெய்லரைத் தூக்கினால் குழாய் வளைந்து, சக்கரங்களின் நேர்மை கெட்டு, டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயத் தொடங்கும். சட்டத்தின் அடியில் ஹேங்கர்களுக்கு முன்னும் பின்னுமாகத் தாங்கிகளை நிறுத்தி, எடையை அவற்றின் மேல் இறக்கி, கையால் தள்ளிப் பார்த்து அசைவில்லை என்று உறுதிசெய்த பிறகே சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் டிரெய்லரின் அடியில் உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்காதீர்கள்.

கழற்றுதல்

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் முழுமையாக இருந்தால் அச்சு தன் இடத்தை விட்டு அதிகம் நகராது. ஐயம் எழும்போது பார்த்து ஒப்பிடவும் உதவும். தொடங்குவதற்கு முன் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஷேக்கிள்கள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பதை.

சிறு ஜாக்கியை ஸ்பிரிங் இருக்கைத் தகட்டின் அடியில் வைத்து, அச்சின் சொந்த எடையை மட்டும் தாங்கும் அளவுக்கு உயர்த்துங்கள். இந்த ஜாக்கியை அரை அங்குலம் ஏற்றியும் இறக்கியும்தான் ஒவ்வொரு போல்ட்டையும் அழுத்தத்திலிருந்து விடுவிக்கப்போகிறீர்கள். அச்சு இறங்கும்போது மின்பிரேக்குக்குச் செல்லும் கம்பி இழுபடாமல் அதன் கட்டுகளை அவிழ்த்து விடுங்கள்.

நடுப்பகுதியிலிருந்து தொடங்குவது என் வழக்கம். இரு ஸ்பிரிங்குகளின் ஹேங்கர் போல்ட்டுகளையும் அப்படியே விட்டுவிட்டு, ஷேக்கிள்களை மட்டும் முதலில் கழற்றினால், அச்சுகள் தத்தம் ஹேங்கர்களில் மாட்டியபடியே இருக்கும். நட்டைக் கழற்றிய பின், அதைப் போல்ட்டின் நுனியோடு சமமாக மீண்டும் திருகி வைத்துச் சுத்தியலால் அடியுங்கள், மரை நசுங்காது. போல்ட்டின் தலைக்குக் கீழே உள்ள பற்கள் தகட்டின் துளைக்குள் இறுகப் பதிந்திருப்பதால் சற்று வலுவாகவே அடிக்க வேண்டியிருக்கும். இந்தப் பற்களே போல்ட்டைத் திரும்பாமல் பிடித்துக்கொள்பவை. ஆகவே தலையில் ஸ்பேனர் போட்டுப் போல்ட்டைத் திருப்ப முயன்றால் தகட்டின் துளை பாழாகும். நட்டை மட்டுமே திருப்ப வேண்டும்.

ஷேக்கிள்கள் வந்ததும் ஈக்வலைசரின் மைய போல்ட்டை எடுத்து ஈக்வலைசரை இறக்குங்கள். வெறுமையான மைய ஹேங்கரைக் கம்பித் தூரிகையால் துடைத்து, துளை வட்டமாக இருக்கிறதா என்று புதிய போல்ட்டை நுழைத்துப் பாருங்கள். போல்ட் தளர்ந்து ஆடினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, தேர்ந்த பற்றவைப்பாளரிடம் ஹேங்கரை மாற்றிக்கொள்ள வேண்டும். முட்டை வடிவத் துளையில் எவ்வளவு விலையுயர்ந்த போல்ட்டைப் போட்டாலும் அது நிலைக்காது.

புஷ் பொருத்துதல்

பழைய நைலான் புஷ்ஷைக் கத்தியால் கீறியோ உளியால் தட்டியோ எடுத்துவிட்டு, ஸ்பிரிங் கண்ணின் உட்புறத்தைத் துருவும் பிசிறும் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். வெண்கலப் புஷ் மெல்லிய சுவர் கொண்டது. நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் விளிம்பு விரிந்து போல்ட் நுழையாமல் போகும். சி-கிளாம்ப்பின் ஒரு தாடையை மறுபக்கக் கண்ணில் வைத்து, நேராகப் பிடித்து மெதுவாக அழுத்தி உள்ளே செலுத்த வேண்டும். கோணலாக நுழைந்தால் நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடியும் தொடங்குங்கள். என் முதல் புஷ்ஷை அவசரத்தில் அடித்து நசுக்கி, ஒரு மாற்றுப் புஷ்ஷுக்காக மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தது. இரண்டு புஷ்களைக் கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நல்லது. புஷ் கண்ணுக்குள் கையாலேயே தளர்வாக நுழைந்தால், அந்தக் கண் தேய்ந்துவிட்டது. அந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்கை மாற்றுபவர்கள் இந்தக் கட்டத்தில், ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ-போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். இறுக்கும்போது நீண்டுவிடும் தன்மையுள்ள யூ-போல்ட்டை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது; புதியவை கட்டாயம். புதிய ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் தலை, அச்சின் இருக்கையில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள். உட்காராவிட்டால் அச்சு முன்பின் நகர்ந்து டிரெய்லர் கோணலாக ஓடும். அரை அங்குல யூ-போல்ட் நட்டுகளுக்கு 45 முதல் 70 அடி-பவுண்டு முறுக்கம், நான்கையும் குறுக்கு வரிசையில், படிப்படியாக.

பூட்டுதல்

புதிய ஈக்வலைசரை மைய ஹேங்கரில் ஏற்றி, பிறகு இருபக்க ஷேக்கிள்களையும் மாட்டுங்கள். போல்ட்டைத் தட்டி உள்ளே செலுத்தும் முன் நிப்பிளைக் கழற்றி வைத்துவிட்டால் அது உடையாது. நட்டை முறுக்கியே பற்களை உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள். நடுவில் துளையுள்ள போல்ட் திண்மமான போல்ட்டைவிடச் சற்று வலு குறைந்தது, மரைப் பகுதியில் நீண்டுவிடலாம்.

போல்ட்டின் பக்கவாட்டுத் துளை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது முக்கியம். சுமை மேலும் கீழுமாக அழுத்துவதால், துளை மேலேயோ கீழேயோ இருந்தால் அழுத்தத்தில் அடைபட்டுக் கிரீஸ் வெளிவராது. கடிகாரத்தில் 3 அல்லது 9 மணி இருக்கும் திசையில் துளை நிற்குமாறு, போல்ட்டின் தலையில் முன்கூட்டியே ஒரு கோடு போட்டுக்கொண்டு செலுத்துங்கள். சக்கரம் மாட்டிய பிறகும் கிரீஸ் கன்னின் நுனி நிப்பிளை எட்டுமா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும்.

ஷேக்கிள் போல்ட் நட்டுகளுக்கு 30 முதல் 50 அடி-பவுண்டு போதும். இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று எண்ணி மேலும் முறுக்கினால் தகடுகள் ஸ்பிரிங் கண்ணை இருபுறமும் நெரித்து, அசைய வேண்டிய இணைப்பு அசையாமல் நின்றுவிடும். கழன்று போகாமல் காப்பது பூட்டு நட்டின் வேலை. நடுப்பகுதி முடிந்ததும் ஹேங்கர் போல்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுங்கள்.

இன்னும் எடை இறங்காத இந்த நிலையில்தான் கிரீஸ் முழுச் சுற்றும் பரவும். புஷ்ஷின் இரு ஓரங்களிலும் புதிய கிரீஸ் பிதுங்கும்வரை ஒவ்வொரு நிப்பிளிலும் செலுத்துங்கள். எங்காவது ஏறாவிட்டால், சிறு ஜாக்கியைச் சிறிது ஏற்றி இறக்கி அழுத்தத்தை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் வழிவிடும்.

சக்கரங்களை மாட்டி, சக்கர நட்டு ஏறும் மரைத் தண்டு (ஸ்டட்) அரை அங்குலம் என்றால் முதலில் 20–25, பிறகு 50–60, கடைசியில் 90–120 அடி-பவுண்டு என்று நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். டிரெய்லரை இறக்கும்போது ஷேக்கிள்களைக் கவனியுங்கள். எடுத்து வைத்த படத்தில் இருந்த அதே பக்கமாக அவை சாய வேண்டும்; ஒன்று எதிர்ப்பக்கம் மடங்கி ஈக்வலைசரோடு பூட்டிக்கொண்டால் உடனே மீண்டும் தூக்கிச் சரிசெய்யுங்கள். பிறகு மறுபக்கத்துக்குச் செல்லலாம்.

அளவும் ஓட்டமும்

இரு பக்கமும் முடிந்ததும், இணைப்புப் பந்தின் மையத்திலிருந்து முன் அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். வேறுபாடு 1/8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் இடப்புறமும் வலப்புறமும் 1/16 அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். தேய்ந்த புஷ்களால் மட்டும் ஏற்பட்ட கோணல் இப்போது தானாகவே நேராகியிருக்கும். இன்னும் கோணல் இருந்தால் அச்சோ ஹேங்கரோ வளைந்திருக்கிறது, அதை அச்சு சீரமைக்கும் பட்டறையில்தான் காட்ட வேண்டும்.

முதல் ஓட்டத்தில் 10, 25, 50 மைல்களில் நிறுத்திச் சக்கர நட்டுகளின் முறுக்கத்தைச் சரிபாருங்கள். 50 மைல் நிறுத்தத்தில் யூ-போல்ட்டுகளையும் ஷேக்கிள் நட்டுகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். அதன்பின் ஆண்டுக்கு இருமுறையாவது, ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும், சட்டத்தைச் சற்றுத் தூக்கி எடை விடுபட்ட நிலையில் பதினான்கு நிப்பிள்களிலும் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் கருத்து வந்தால் அது இயல்பு. பொன்னிறத் துகள்கள் மினுங்க வந்தால் வெண்கலம் தேய்கிறது. அந்த ஒரு போல்ட்டை மட்டும் கழற்றிப் பார்த்து, புஷ்ஷை மாற்றிவிடுங்கள்.